புதன் மாலை, ஏழிலிருந்து ஒன்பது

ஐப்பசி பிறந்தால் ஓல்டனில் மூடுபனி.
ஆறு எது, றோட்டு எது என்று
பாலத்தில் நின்றும் தெரியாது.
எங்கள் கட்டடத்தில்
உடுப்புத் தோய்க்கிற அறை நிலத்துக்குக் கீழே.
சுவரில் அட்டவணை.
புதன், ஏழிலிருந்து ஒன்பது, நான்.
அப்பாவின் பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை,
'விசுவ' என்று எழுதி
நிறுத்திவிட்டா ஃபிராவ் ஸ்பிண்டன்.

முதல் புதன்
ட்ரம்மின் விளிம்பில் ஒட்டிக்கிடந்தது
ஒரு வெள்ளைச் சொக்ஸ்.
ஆறு வயதுக் கால் அளவு.
எனக்கு முந்திய முறை பிகெய்ரேடுவுடையது,
அவருக்குப் பிள்ளைகள் இல்லை,
ஒற்றைக் கண் பூனைதான் உண்டு.
கம்பியில் கொளுவிவிட்டு வந்தேன்.

மற்றப் புதன், அதன் சோடி.

அதற்கடுத்த புதன்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை.
வளர்த்திக்கு இடம் விட்டு
விளிம்பை உள்ளே மடித்துத் தைத்திருந்தது
ஒரு தாயின் கை.
வடிகட்டியைத் திருகித் திறந்தேன், மணல்.
சிப்பித்தூள் கலந்த வெள்ளை மணல்.
இந்த நாட்டில் கடல் இல்லை.

நான் கத்தவில்லை.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
அதை வீட்டுக்குக் கொண்டுபோய்
ஸ்திரி போட்டேன்,
ஒவ்வொரு மடிப்பாக.

தோய்க்கிற அறைக்குப் பக்கத்திலேயே பங்கர்.
ஒவ்வொரு கட்டடத்தின் காலடியிலும்
வராத யுத்தம் ஒன்றுக்காக
கொங்கிறீட் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.
உள்ளே தட்டுத் தட்டாக மரக்கட்டில்,
வைன் போத்தல்கள், பனிச்சறுக்குக் கட்டைகள்,
யாரோ வளர்ந்து முடித்த தொட்டில்.
கதவில் தகடு: 38 பேர்.
நாங்கள் முப்பத்தேழு.
'எப்பவும் ஒரு இடம் மிச்சம்' என்று
ஃபிராவ் ஸ்பிண்டன் பெருமையாய்ச் சொன்னா,
நான் வீடு பார்க்க வந்த முதல்நாள்.

நாங்கள் வெட்டியது ஐந்து பேருக்கு.
மேலே தென்னங்குற்றி,
அம்மாவின் கூறைச்சீலையில் தைத்த மண்மூட்டை.
உள்ளே ஐந்து பேர்.
அது யாருடைய பிள்ளையோ,
செல் கூவுகிற பக்கத்திலிருந்து ஓடிவந்து
வாசலில் குனிந்து கேட்டது:
'இடம் இருக்கோ அக்கா?'

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்,
வாசலோடு இருந்தது நான்.

இடம் இருந்தது.
நான் கால் நீட்டியிருந்தேன்.

இந்தப் புதன்
மெசின் பிழிந்து முடித்து நின்ற பிறகும்
பிழிகிற சத்தம் நிற்கவில்லை.
பங்கர்க் கதவு திறந்திருந்தது,
ஒரு பிள்ளையின் தோள் அகலத்துக்கு.
கேள்வி உள்ளேயிருந்து வரும் என்று நினைத்தேன்.
வந்தது முதுகுக்குப் பின்னால்.
அதே குரல். பதினைந்து வருசம்
ஒரு வயதும் கூடவில்லை.

உள்ளே போனேன்.
கீழ்த்தட்டில் இருந்து
முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு
'இருக்கு, வா' என்றேன்.
எவ்வளவு சுலபமான சொல்.

வரவில்லை.
வாசலில் நின்று விரல் நீட்டி எண்ணுகிறது.
போத்தல்கள், கட்டைகள், தொட்டில்.
என்னில் வந்து விரல் நிற்கிறது.
தலையை ஆட்டிவிட்டு
முதலிலிருந்து எண்ணுகிறது.

மற்றப் புதன் ஐந்து மணி.
பிகெய்ரேடு மெசினைத் திறக்கிறார்.
அவருடையதல்லாத ஒரு கம்பளிச்சட்டை.
பொக்கெற்றை உதறுகிறார், மணல்.
மணந்து பார்க்கிறார், பாவம்,
அவர் கடலோரத்து ஆள்.
பிறகு கம்பியில் கொளுவிவிட்டு
லைற்றை அணைத்துப் போகிறார்.

கதவு இடுக்கால் எல்லாம் தெரிகிறது.
கூப்பிடலாம்.
ஆனால் எண்ணிக்கை இன்னும் முடியவில்லை,
நான் கால்களை மடக்கியபடியே இருக்கிறேன்.